பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும்

ஜனவரி 8, வியாழன்

காலையில் மைனஸ் பத்தொன்பது. இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் பொங்கும் என்கிறாள் மகள் மணி. வைத்திருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

மணிமொழி ஏழு மணிக்கே ஆபீசுக்கு ஓடிவிட்டாள். ஆபீஸ் என்றால் பழைய சலவைக்கடை. கண்ணாடியில் 'ரூத் ஆல்டன், ஜனாதிபதி' என்று பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா இன்னும் ஜனாதிபதி வேட்பாளர்கூட ஆகவில்லை. ஒரே கட்சிக்குள் ஆறு பேர் போட்டி. யாரை நிறுத்துவது என்று மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர்களையே கேட்கிறார்கள். முதலில் கேட்பது இந்த ஐயோவாவை, பிப்ரவரி 2 அன்று. நம் ஊரில் தலைவர் ஒரு தாளை எடுத்துப் படித்தால் முடிந்துபோகிற காரியம்.

மணி இந்த மாவட்டத்துப் பொறுப்பாளர். கவுண்டி என்கிறார்கள், நான் மாவட்டம் என்றே எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள், ஆகஸ்டில் அதை விட்டுவிட்டு இதில் குதித்தாள். "பிள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சு, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று என் மனைவி சண்முகக்கனி என்னை நவம்பரில் விமானம் ஏற்றிவிட்டாள். முழங்கால் வலியோடு அவளால் இருபது மணி நேரம் உட்கார முடியாது.

விவாகரத்துக்குப் பிறகு மூன்று வருஷமாக மணி போனில் "ம்", "சரி", "சாப்ட்டேன்" தவிர வேறு எதுவும் பேசியதில்லை. ஏதோ நோயாளியைப் பார்க்கப்போகிறோம் என்றுதான் வந்தேன். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை யாருடனோ போனில் சத்தமாகச் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கனியிடம் அதைச் சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மாவு பொங்கி ஓவனெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்க ஒரு மணி நேரம்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு அட்டை எழுதிக்கொண்டு வருகிறார்கள். ரூத்துக்கு உறுதி என்றால் 1, சாய்வு என்றால் 2, கதவைச் சாத்தினால் 5. அதையெல்லாம் ஊர்வாரியாக அடுக்கிக் கூட்டவேண்டும். எனக்கா இது தெரியாது? அருப்புக்கோட்டையில் அச்சகத்தையும் பார்த்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் வார்டு செயலாளராக இருந்தவன். தெருத்தெருவாக வாக்காளர் பட்டியலில் டிக், பெருக்கல், கேள்விக்குறி போட்டு நான் கொடுத்த எண் பத்து ஓட்டுக்கு மேல் தப்பியதில்லை. மாவட்டச் செயலாளர் என் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் மாலைக்குச் சொல்லுவார்.

ஜனவரி 13, செவ்வாய்

கேத்தி வந்திருந்தாள். மாநில அளவில் மணிக்கு மேலதிகாரி. நாற்பது வயதிருக்கும், செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வருகிறாள், மற்றபடி நல்ல பெண். நான் எலுமிச்சை சாதம் போட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"ரூத் எவ்வளவு வாங்குவார்?" என்று ஆசையாகக் கேட்டேன். "நூற்றுக்குப் பன்னிரண்டு" என்றாள் கண்ணிமைக்காமல். அவள் போனதும் மணி சிரித்தாள்.

"யார் கேட்டாலும் பன்னெண்டுன்னுதான்ப்பா சொல்லணும். கருத்துக்கணிப்பும் பன்னெண்டுதான் காட்டுது. பன்னெண்டுன்னு சொல்லி பதினஞ்சு வாங்குனா ஜெயிச்சோம்னு எழுதுவாங்க. இருபதுன்னு சொல்லி அதே பதினஞ்சு வாங்குனா ரூத் கதை முடிஞ்சதுன்னு எழுதுவாங்க."

"ஓட்டு ஒண்ணுதானம்மா?"

"ஓட்டு ஒண்ணுதான். இந்த ஒரு மாநிலத்துல என்ன பெருசா ஓட்டு இருக்கு? எதிர்பார்த்ததுக்கு மேலயா கீழயான்னுதான் நாடு பூரா பாக்கும். அதை வச்சுத்தான் அடுத்த மாநிலத்துல ஆள் சேரும்."

எனக்குத் தலை சுற்றியது. டெபாசிட் போகப்போகிறவன்கூட 'லட்சம் ஓட்டு வித்தியாசம்' என்று போஸ்டர் அடிக்கச் சொல்லுவான், நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே ஜெயிக்கிற குதிரையை நொண்டி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். ரூத் இங்கே நன்றாக வந்துவிட்டால் தென்கரோலினா மாநிலம் முழுக்க மணியிடம் ஒப்படைப்பதாக கேத்தி வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். வராவிட்டால் எல்லோரும் வீட்டுக்கு. மணிக்கு வீடு என்றால் மறுபடியும் அந்த நாலு சுவரும் "ம்", "சரி"யும்தான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தோம். விசில் வந்தபோது மணி 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜனவரி 19, திங்கள்

கூட்டி முடித்துவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் அட்டை. எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்கு இருபத்துநாலு. இரண்டாம் இடம் உறுதி. சாய்வு என்று சொன்னவர்களில் பாதியைக் கழித்துத்தான் இந்த எண். மணி உட்கார்ந்து அவள் வழியில் சரிபார்த்தாள். அவளுக்கு 23.8 வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நீங்க பெரிய ஆளுப்பா" என்றாள். மகள் வாயால் இதைக் கேட்க எனக்கு அறுபத்துநாலு வயது ஆகியிருக்கிறது.

பிறகு அந்தத் தாளை வாங்கிக் கிழித்து, காப்பித்தூள் சக்கையோடு குப்பையில் போட்டாள்.

ஜனவரி 22, வியாழன்

மணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் இல்லை. வெர்ன்தான் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், தினமும் வந்து அட்டைகளை அடுக்கித் தருகிற தொண்டர். ஒரு சின்னப் பெண் வந்தது. வெர்னோடு காப்பி குடித்தது, பிறகு என்னிடமும் மரியாதையாகப் பேசியது. எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டது. நான் நம் ஊர்த் தேர்தல் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். நல்ல பெண்.

வீட்டுக்கு வந்து வெண்டைக்காய் பொரித்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

குளிர். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் மணி லேப்டாப்பில் செய்தித்தாளைத் திறந்து சத்தமாகப் படித்தாள். 'வெளியே பன்னிரண்டு, உள்ளே இருபத்துநாலு: ரூத் முகாமின் ரகசியக் கணக்கு.' மாவட்ட அலுவலகத்துக்கு நெருக்கமான ஒருவர் சொன்னாராம். மாநிலம் முழுக்க இருபத்துநாலு, இரண்டாம் இடம் உறுதி என்று எழுதியிருக்கிறார்கள். மாநிலம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னது மாவட்டத்துக்கு.

கடைசியில் ஒரு வரி. "மற்றவர்களுக்கு டெபாசிட்கூடத் தேறாது" என்றும் அந்த நபர் சொன்னாராம். இதன் பொருள் தெளிவாகவில்லை என்று நிருபரே எழுதியிருந்தார்.

அந்த வரியோடு நிறுத்தினாள் மணி. பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, "தோசை ஊத்தட்டுமாப்பா?" என்றாள். நான் வந்ததிலிருந்து அவள் அடுப்புப் பக்கம் வந்ததே இல்லை. மூன்று தோசை சாப்பிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

தொலைக்காட்சியில் காலையிலிருந்து இருபத்துநாலுதான். நாலு பேர் உட்கார்ந்து 'டெபாசிட்' என்றால் என்ன என்று ஆராய்கிறார்கள். வங்கியில் போட்ட தேர்தல் நிதி என்கிறார் ஒருவர். விவசாயிகளின் பழைய வழக்குச் சொல்லாக இருக்கலாம் என்கிறார் இன்னொருவர். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

விட்காம் என்று ஒரு வேட்பாளர், கடைசிக்கு முந்தைய ஆள். அவரிடம் மைக்கை நீட்டினார்கள். "எனக்கு ஏழு கிடைத்தால் போதும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கெட்டிக்காரன்.

ஜனவரி 27, செவ்வாய்

கனியோடு பேசினேன். இங்கே நடப்பதைப் பொதுவாகச் சொன்னேன், யாரோ ஒருவர் எண்ணை வெளியே சொல்லிவிட்டார் என்று.

"நம்ம பிள்ளை பிளஸ் டூ எழுதுனப்ப நீங்க பண்ணுன மாதிரின்னு சொல்லுங்க" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "நான் கேட்டவுகளுக்கெல்லாம் 'ஏதோ எழுதியிருக்கா'ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க டீக்கடை வரைக்கும் போயி ஆயிரத்து நூத்தம்பதுன்னு சொல்லிவச்சீக. பிள்ளை ஆயிரத்து நூத்தி இருபத்தெட்டு வாங்கிட்டு வந்து நிக்குது, தெருவே துக்கம் விசாரிக்க வந்துச்சு. அன்னைக்கி அவ கதவச் சாத்திக்கிட்டு அழுதது ஞாபகம் இருக்கா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

வெர்ன்மீது சந்தேகம். அந்த நிருபர் பெண்ணோடு அவர் காப்பி குடித்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். கேத்தி வந்து ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டாளாம். வெர்ன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார் என்றாள் மணி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி சத்தத்தில் எதுவும் பேச முடியாது.

ஜனவரி 31, சனி

மணி கேத்தியைப் பார்க்க மாநிலத் தலைநகரம் போய்வந்தாள். போக வர நாலு மணி நேரம், பனிச்சறுக்கல் வேறு. மாலையில் வெர்னிடம் சாவி திரும்பி வந்துவிட்டது. எப்படிச் சரியானது என்று நான் கேட்கவில்லை. சரியானால் சரி.

பிப்ரவரி 2, திங்கள்

மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. பார்வையாளர் நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். ஓட்டுச்சீட்டு இல்லை, பெட்டி இல்லை, திரை இல்லை. ஆளுக்கொரு மூலையில் போய் நிற்கிறார்கள். அண்டை வீட்டுக்காரன் யாருக்குப் போடுகிறான் என்று ஊரே பார்க்கிறது. நம் ஊரில் இப்படி வைத்தால் மறுநாள் பாதித் தெருவில் பேச்சுவார்த்தை இருக்காது. நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத குழு கலைந்து வேறு மூலைக்குப் போகவேண்டும். கலைந்தவர்களைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

மணி ஒரு வயதான தம்பதியிடம் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் மெல்ல ரூத் மூலைக்கு நடந்துவந்தபோது அங்கே நின்றவர்கள் கைதட்டினார்கள். மணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இந்தப் பிள்ளையை இப்படியே வைத்திரு என்று வேண்டிக்கொண்டேன். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் ரூத்துக்கு 24.2.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாநிலம் முழுக்கச் சேர்த்து: முதல் ஆள் 31. இரண்டாவது ஆள் 20. ரூத் 18. விட்காம் 13.

பன்னிரண்டு என்றிருந்த அம்மா பதினெட்டு வாங்கியிருக்கிறார். ஒன்றரை மடங்கு. ஆனால் தொலைக்காட்சியில் ரூத் படத்துக்குக் கீழே 'சரிவு' என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். "இருபத்துநாலு எதிர்பார்த்தார்கள், மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள்" என்று எல்லாச் சேனலிலும் ஒரே பாட்டு. பதின்மூன்று வாங்கிய விட்காமை 'நேற்றிரவின் உண்மையான வெற்றியாளர்' என்கிறார்கள். ஐந்து குறைவாக வாங்கியவன் மாலையோடு நிற்கிறான். அவன் பணிவாகச் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் எரிகிறது.

நான் திரையைப் பார்த்து, "பதினெட்டு பெருசா, பதிமூணு பெருசா?" என்று கத்தினேன். மணி ரிமோட்டை எடுத்து அணைத்தாள்.

"அவங்களுக்குக் கணக்குத் தெரியாமயா இருக்கு?" என்றாள். "விடுங்கப்பா."

பிப்ரவரி 5, வியாழன்

தொண்டர் பட்டியலில் நாற்பது பேர் இருந்தார்கள். இன்று ஆபீசுக்கு வந்தது மூன்று பேர். நன்கொடை நின்றுவிட்டது என்கிறார்கள். அடுத்த மாநிலத்தில் ரூத் பேசிய கூடத்தில் பாதி நாற்காலி காலியாம். காலி நாற்காலியைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு இன்னும் குறைகிறது. எங்கிருந்து இதைப் பிடித்து நிறுத்துவது?

பிப்ரவரி 7, சனி

ரூத் விலகிவிட்டார். மூன்று நிமிடம் பேசினார். அழவில்லை.

உள்ளதை எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் கையில் நோட்டுப்புத்தகம் இருந்தது. நான் பார்த்தேன். அது கேட்டபோது பன்னிரண்டு என்றுதான் முதலில் சொன்னேன், சத்தியமாக. அது மணியின் காலி மேஜையைப் பார்த்துவிட்டு, "இத்தனை உழைப்பும் வெறும் பன்னிரண்டுக்கா? உங்கள் மகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது" என்றது. அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. விவாகரத்துச் செய்தி வந்த நாளிலிருந்து ஊரில் எல்லோரும் அந்தக் குரலில்தான் அவளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். என் மகளைப் பார்த்து ஒருத்தரும் பாவம் என்று சொல்லக்கூடாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். மணிக்கு இது தெரியாமல் இருக்கலாம். டெபாசிட் என்ற சொல் எத்தனையோ பேருக்குத் தெரியும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

விட்காம் ஆட்கள் ரூத்தின் ஆட்களை அள்ளி எடுத்துக்கொள்கிறார்களாம். பக்கத்து மாவட்டப் பொறுப்பாளருக்கு நேற்றே அழைப்பு. மணியின் போன் மேஜைமேல் கிடக்கிறது. சும்மா கிடக்கட்டும் என்று நானும் அதைப் பார்க்காமல் இருக்கிறேன். காலையிலிருந்து எட்டு முறை பார்த்தேன்.

"சாப்டியாம்மா?"

"ம்."

பிப்ரவரி 11, புதன்

சலவைக்கடையைக் காலி செய்தார்கள். வெர்னோடு சேர்ந்து மேஜைகளைத் தூக்கினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்ததை அவர் சுரண்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார். "உங்கள் மகளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. என்மீது பழி வந்ததும் நேரே கேத்தியிடம் போய், எண்ணைச் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தேர்தலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது, வேறு ஆள் இல்லை, அதனால் வைத்திருந்தார்கள். இனி எந்த முகாமும் அவளை எடுக்காது. வாயைக் காக்கத் தெரியாதவள் என்று பெயராகிவிட்டதே. நல்ல வளர்ப்பு, உங்களைப் பாராட்டுகிறேன்."

என் தோளைத் தட்டினார். கையில் மேஜையின் ஒரு முனை இருந்தது. கீழே போடாமல் லாரி வரை கொண்டுபோனேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மணி பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். போனதும் கேத்தியைக் கூப்பிட்டேன். என் ஆங்கிலம் தடுக்கக்கூடாது என்று எழுதிவைத்துப் படித்தேன். எண்ணைச் சொன்னது நான். மணி சொல்லவில்லை. அவள் சொன்னது பொய். தயவுசெய்து விட்காம் ஆட்களிடம் அவள் பெயரைச் சரிசெய்யுங்கள்.

கேத்தி இடையில் பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "மிஸ்டர் முத்திருளப்பன்" என்று மென்மையாகக் கூப்பிட்டாள். என் பெயரை முழுதாகச் சொன்ன முதல் வெள்ளைக்காரி.

"மணி அன்றைக்கே எங்களிடம் சொல்லிவிட்டாள். என் அப்பா என்றாவது உங்களைக் கூப்பிடுவார், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார், அவர் அப்படிப்பட்டவர், நம்பாதீர்கள் என்றாள். உங்கள் அழைப்பை நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்."

டெபாசிட் எங்கள் ஊர்ச் சொல், அவளுக்கு எப்படி வாயில் வரும் என்று வாதாடினேன். "உங்களிடம் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய சொல் என்று விளக்கினாளே" என்றாள் கேத்தி. அந்த நிருபரைக் கேளுங்கள் என்றேன். நிருபர்கள் யார் சொன்னது என்று சொல்லமாட்டார்கள் என்றாள். இருபத்தாறு வருஷம் கட்சியில் இருந்திருக்கிறேன், எத்தனையோ பொய்யை மேடை போட்டு நம்பவைத்திருக்கிறேன். இந்த ஒரு உண்மையை ஒரே ஒரு பெண்ணிடம் நம்பவைக்க முடியவில்லை. நான் இன்னும் உரக்கச் சொன்னால் இன்னும் நல்ல அப்பாவாகத் தெரிவேன், அவ்வளவுதான்.

"எலுமிச்சை சாதத்துக்கு நன்றி" என்று சொல்லி வைத்தாள்.

மணி நாலு மணிக்கு வந்தாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வேலை கிடைத்துவிட்டதாம், திங்கள்கிழமையிலிருந்து. பழைய மேஜையே கொடுக்கிறார்களாம். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"கேத்தி போன் பண்ணாங்கப்பா. உங்கப்பா ரொம்ப நல்லவர்னு சொன்னாங்க."

"நீ என்னம்மா சொன்ன?"

"ஆமான்னேன்."

உள்ளே போனவள் சாதம் வைத்தாளா என்று எட்டிப் பார்த்தேன். படுத்திருந்தாள், சுவர்ப் பக்கம் திரும்பி. குக்கரை நானே வைத்தேன்.